விளக்கை அணைத்த கமலா அக்கா

காது கேளாத இளையோரின் கோடை முகாமில் தொண்டு செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸின் பீல் நகருக்குப் போயிருந்தேன். எனக்குத் தங்க இடம் தந்தவர் அங்கே வாழும் கமலா அக்கா. சைகை மொழி பழக்கியவள் குழுத்தோழி ஆரணி. அவளுக்கும் காது கேளாது.

முகாம் முடிந்ததும் அங்குள்ள தமிழர் எங்கள் குழுவுக்குத் தந்த பிரியாவிடை விருந்தில் நன்றி சொல்ல, ஆரணி கண்ணாடி முன் நின்று பழகியிருந்தாள். பேச்சுகள் நீண்டன. அவள் முறை வந்தபோது, நிகழ்ச்சியை நடத்திய அண்ணை ஒருவர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நேரம் போட்டுது. அந்தப் பிள்ளை கையை ஆட்டுறது ஆருக்கு விளங்கும்? நீங்களே ரெண்டு வசனம் சொல்லுங்கோவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவு நேரமும் நீங்கள் கதைச்சது அவளுக்கு விளங்கினதோ, அண்ணை?"

"அது வேற கதை."

திடீரென மண்டப விளக்குகள் அணைந்து எரிந்தன. முகாமில் எல்லோரையும் கவனிக்கச் சொல்லும் வழி அது. சுவிட்சில் கை வைத்தபடி சமையலறை வாசலில் நின்றார் கமலா அக்கா.

"பிள்ளை சொல்லி முடிக்காமல் ஒருத்தருக்கும் சோறு இல்லை!"

ஆரணி மேடையேறினாள். அவள் கைகள் சொன்னதை நான் குரலில் சொன்னேன். முடிந்ததும் அக்கா கைகளை உயர்த்தி அசைத்தார். காது கேளாதோரின் கைதட்டல் அது. மண்டபமே கையை ஆட்டியது, அந்த அண்ணையைத் தவிர.

அவர்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஊர் திரும்பிய பின் அக்காவை வீடியோ அழைப்பில் காணும்போதெல்லாம், நன்றியை நான் வாயால் சொல்வதில்லை, கைகளால்தான் சொல்கிறேன்.