செல்லம்மாவைக் கடித்த வெள்ளிக்கோல் வரையன்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. லிஃப்ட் பக்கத்தில் அடித்துப் போட்ட, சுண்டுவிரல் பருமன் பாம்பு. வங்கியில் ஓய்வு பெற்றவர் நாகக்குட்டி என்றார். மூன்றாம் மாடி பல் டாக்டர் கண்ணாடிவிரியன் என்றார். அடித்த காவலாளிக்குப் பொன்னாடை போர்த்தலாமா என்பது வரை பேச்சு போனது. நான் வாயைத் திறக்கவில்லை. பாம்பு விஷயத்தில் வாயைத் திறந்து ஒருமுறை பட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, செந்துறையில் யூனியன் ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். என் படிப்புக்கும் அந்த வேலைக்கும் இருந்த ஒரே சம்பந்தம், கோப்புகளை அரித்த கரையான். ஆனாலும் கல்லூரி ஆய்வுக்கூடத்து ஃபார்மலின் நெடி மூக்கை விட்டுப் போகவில்லை. அது ஒரு திமிர் பிடித்த நெடி. டீக்கடையில் யாராவது பல்லி என்று சொன்னால் போதும், அதன் லத்தீன் பெயரைச் சொல்லுவேன். நீங்கள் சிரிக்கலாம். அப்போது யாரும் சிரிக்கவில்லை, எழுந்து போய்விடுவார்கள்.

ஒருநாள் மத்தியானம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கிணறு பார்க்க ஆபீஸ் ஜீப்பில் போயிருந்தேன். முந்திரித் தோப்பு ஓரத்தில் கூட்டம். சருகு அள்ளப் போன செல்லம்மாவைப் பாம்பு விரலில் கடித்துவிட்டது. முப்பது வயதிருக்கும். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, முழங்கைக்கு மேலே கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். கை நீலம் பாரித்திருந்தது, கடித்ததால் அல்ல, கட்டியதால். பாம்பின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கீழப்பழுவூரிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த விஷக்கடி வைத்தியர் மாணிக்கம், அது கட்டுவிரியன் என்று அறிவித்துவிட்டு, அவள் விரலைக் கீறுவதற்கு பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புருஷன் கோவிந்தன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதான். "அடுத்த வாரம் கடலச் செடியப் புடுங்கி ஆயணுமே, நான் ஒண்டியா என்னா பண்ணுவன்." அழுகை உண்மையான அழுகைதான். செல்லம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி கிடந்தாள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், குச்சியால் கூடையை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். ஒரு முழ நீளம். பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். அவை கழுத்திலேயே பளிச்சென்று ஆரம்பித்து, வால் பக்கம் போகப்போக மங்கிவிட்டன. கட்டுவிரியனுக்கு நேர்மாறு. அதற்குத் தலையை ஒட்டிக் கொஞ்ச தூரம் பட்டை இருக்காது, பிறகு வால்வரை போகும். உடம்பும் கருத்து மினுங்கும். இது விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன். புத்தகத்துக்கு வெளியே முதன்முதலாக ஒன்றை அடையாளம் கண்ட சந்தோஷத்தில், கட்டிலில் ஒருத்தி கிடப்பதையே மறந்து, செதில் வரிசைகளைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

வைத்தியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வெசம் இல்லன்னா கையில புடிச்சுக் காட்டுங்க சார்," என்றார்.

எனக்குப் பழக்கமான பாம்புகள் எல்லாம் ஜாடிக்குள் இருந்தவை. கூட்டம் என் கையைப் பார்த்தது. நான் பட்டைகளை இன்னொரு தரம் எண்ணுவதுபோலக் குனிந்தேன். சொன்னது சரிதான் என்று மூளைக்குத் தெரியும். கை மட்டும் வைத்தியர் கட்சிக்குப் போய்விட்டது. ஜீப்பிலேயே அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முனகினேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான். யார் காதிலும் விழவில்லை. வைத்தியர் அவள் விரலைப் பிடித்தார்.

செல்லம்மா கையை உருவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "நில்லுங்க. அந்த சார் சொன்னத நான் கேட்டன்," என்றாள். இறங்கிப் போய்க் கூடையைப் புரட்டிவிட்டுப் பாம்பைத் தூக்கினாள். அது அவள் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. அதைக் கோவிந்தன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கடல ஆய ஆளு இருக்கு. அழுவாதய்யா."

பிறகு அதைப் பிரித்தெடுத்துச் சருகில் விட்டுவிட்டு, கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். சாயங்காலம்வரை கூட்டம் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் சாகவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கலைந்தார்கள். கூடைக்குள் இருந்தபோதே பாம்பின் விஷத்தைத் தான் மந்திரித்து இறக்கிவிட்டதாக வைத்தியர் சொன்னார். கோவிந்தன் அவருக்கு ஒரு சேவல் கொடுத்தனுப்பினான். எனக்கு ஒரு சொம்பு மோர். நானே முழுசாக நம்பாத என் வார்த்தையை நம்பி ஒருத்தி உயிரைப் பணயம் வைத்திருக்கிறாள் என்பது ஜீப் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. அதன் பிறகு டீக்கடையில் நான் டீ மட்டுமே குடித்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. முந்திரித் தோப்பைக் காணோம். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளம்தான் இருந்தது, ஒரு பஸ் ஸ்டாண்டையே உள்ளே இறக்கிவைக்கலாம். விளிம்பில் 'மரம் வளர்ப்போம்' என்று ஒரு பலகை. சருகு இல்லை, சருகில் வாழ்ந்தவையும் இல்லை. செல்லம்மா காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது என்றார்கள். கடை பெஞ்சில் கோவிந்தன், லாரி டிரைவர்கள் இரண்டு பேரிடம் பாம்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாம்பு ஆள் உயரம். அதைக் கையில் பிடித்தவர் அவரே. செல்லம்மா கட்டிலில் கிடந்து அழுகிறாள்.

மறுத்துப் பேச அவள் இல்லை. நடந்ததைச் சொல்லக்கூடிய இன்னொரு ஆளான நான், டீயைக் குடித்துவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன்.