கருப்பையா ஐயாவின் கட்டைவிரலும் டிஃபால்ட் ப்ரௌசரும்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: முதலாளி ஜமால் அண்ணன், பென்ஷன் வாங்கும் கருப்பையா ஐயா, அவர் மனைவி ராக்கம்மா, நான். ஆவுடையார்கோவிலில் எங்கள் இ-சேவைக் கடையில் ஒரே கம்ப்யூட்டரில்தான் கைரேகை மிஷின் உண்டு. அதில் உட்காருவது நான்.

ஐயா ரோட்டு வேலையில் தார் ஊற்றி ஓய்வு பெற்றவர். உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பதிய அன்றுதான் கடைசி நாள். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். அவர் விரலிலோ ரேகையே தேய்ந்துபோயிருந்தது.

"நெத்தியில தேச்சுட்டு வைங்க ஐயா. எண்ணெப்பசை இருந்தா மிஷின் புடிச்சுக்கும்" என்றேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பல தடவை வைத்த பிறகு பச்சை விளக்கு எரிந்தது. ரேகை பிடித்ததும் சாஃப்ட்வேர் தானாகவே ப்ரௌசரைத் திறக்கும். திறந்தது. ஆனால் பக்கம் வெள்ளையாகவே நின்றது. பார்த்தால் அது எங்கள் பழைய ப்ரௌசர் இல்லை, வேறொன்று. பென்ஷன் பக்கம் பழையதில் மட்டும்தான் ஓடும். முகவரியை காப்பி எடுத்துப் பழையதில் போட்டேன். நேரம் முடிந்துவிட்டது, மறுபடி ரேகை வையுங்கள் என்றது.

"நான் உசுரோட இருக்குறது இந்தப் பொட்டிக்குப் புடிக்கலையா ஆத்தா?" என்றார் ஐயா.

"எனக்கே பல நாளு புடிக்கல, பொட்டிக்கு என்ன" என்றார் ராக்கம்மா.

ஜமால் அண்ணன் தலையைச் சொறிந்தார். "காலையில என்னமோ கேட்டுச்சும்மா, இத டிஃபால்ட்டா வச்சுக்கவான்னு. சரின்னு அமுக்கிட்டேன்."

"அத மாத்தணும்ண்ணே."

"மாத்துறேன்னு எதையாச்சும் அழிச்சுப்புடாத. ஊருல பாதிப் பேரு பாஸ்வேர்டு அந்தப் பழசுலதான் கெடக்கு."

எனக்கும் அதே பயம்தான். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போய்விடும் என்றே நினைப்பேன். அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தெரியாத இடத்தில் கை வைக்கும் முன் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்வேன். தப்பானால் வந்த வழியே திரும்பலாம்.

செட்டிங்ஸ், படம். ஆப்ஸ், படம். டிஃபால்ட் ஆப்ஸ், படம். பழைய ப்ரௌசரைத் தேர்ந்தெடுத்து, 'செட் டிஃபால்ட்' பட்டனை அமுக்கும் முன் இன்னொரு படம்.

"கல்யாண வீட்டுலகூட இம்புட்டு போட்டோ எடுக்க மாட்டாங்க" என்றார் ராக்கம்மா.

அமுக்கினேன். உடனே பாஸ்வேர்டுகளைப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தன. டிஃபால்ட் என்றால் வாசல் கதவை யார் திறப்பது என்பதுதான். மற்றவர் வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை. அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஐயா நெற்றி சிவக்கத் தேய்த்துவிட்டு விரலை வைத்தார். பச்சை விளக்கு. பழைய ப்ரௌசர் திறந்தது. 'சான்று ஏற்கப்பட்டது' என்று வந்தது. ஐயா கட்டைவிரலைத் திரைக்கு நேராக நீட்டினார்.

"இதையும் ஒரு போட்டோ புடி ஆத்தா."

அந்தப் படங்களை ஜமால் அண்ணன் பிரிண்ட் எடுத்து, கம்ப்யூட்டர் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினார். கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இன்றும் அதைப் பார்த்துத்தான் டிஃபால்ட்டை மாற்றுகிறார்கள். பயமாக இருக்கிறது என்பார்கள். எனக்கும் இன்னும் பயம்தான். படம் எடுத்துவிட்டுத் தொடு என்பேன்.

வரிசையில் கடைசியாக ஐயாவின் கட்டைவிரல் இருக்கிறது. சுவருக்குப் பெயின்ட் அடித்தபோதுகூட அதைக் கிழிக்க நான் விடவில்லை.