ஐம்பதுக்குத் திரும்பிய முத்திரை

விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆறு வருஷம் நான்கு மாதம் லைன் பதிவேடு எழுதினேன். திண்டிவனத்தில் அதே வேலை பார்த்தவன் என்னைவிட மூன்று வயது இளையவன். நடுவில் ஓடும் லைன் எப்போது அறுந்தது, எப்போது சரியானது என்று இருவரும் தேதி முத்திரை குத்திப் பதிய வேண்டும். மாதக் கடைசியில் அதிகாரி இரண்டையும் ஒப்பிடுவார். என் பதிவில் பிழை இருக்காது. ஆனாலும், "திண்டிவனத்துக்காரர் எழுத்தைப் பாருங்க, அச்சு மாதிரி" என்று என்னிடமே சொல்வார். பதினோரு முறை சொல்லியிருக்கிறார். அந்தச் சமயம் விழுப்புரத்தில் சூப்பர்வைசர் நாற்காலி காலி. எங்களில் ஒருவருக்குத்தான்.

அறுபதாம் வருஷம் பிறந்த காலை, முத்திரையின் வருஷச் சக்கரத்தை வழக்கம்போல ஒரு பல் திருப்பினேன். அதில் ஐம்பது முதல் ஐம்பத்தொன்பது வரை பத்தே எண்கள். சுற்றி வந்து ஐம்பதில் நின்றதை நான் கவனிக்கவில்லை. பதினேழு பதிவுக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. முந்தின நாள் அறுந்த லைன், பத்து வருஷத்துக்கு ஒரு நாள் குறைவாக, முன்கூட்டியே சரியாகியிருந்தது!

பிளேடால் பதினேழு ஐந்தையும் சுரண்டி ஆறாக்கினேன்; அதற்குப் பிறகு வருஷத்தைக் கையாலேயே எழுதினேன். சுரண்டி முடித்த சமயம் திண்டிவனத்திலிருந்து அவன் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, முத்திரை பேஜார் பண்ணுதுங்க. ஐம்பதுன்னு உழுவுது. அங்க எப்பிடிங்க?"

"இங்க சரியாத்தான் இருக்கு. நீ பாத்துத் திருப்பினியா?"

"பாத்துதாங்க திருப்பினேன். என் கை ராசி அப்பிடி" என்று சிரித்தான்.

மாட்டிக்கொள்வான் என்று முப்பது நாள் காத்திருந்தேன். அவன் எதையும் திருத்தவில்லை. தன் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி மட்டும்: 'முத்திரையில் வருஷம் பத்து குறைவு, கூட்டிப் படிக்கவும்.' அதிகாரி என் பக்கத்தை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார். பதினேழு இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.

"வருஷத்தைச் சுரண்டினவர் நேரத்தைச் சுரண்டலைன்னு நான் எப்படி நம்பறது?" என்றார்.

நாற்காலி அவனுக்குப் போயிற்று. வந்த முதல் நாளே கேட்டான்: "அண்ணே, அன்னிக்கு சரியா இருக்குன்னீங்களே?"

"நீ கேட்டப்போ சரியாத்தான் இருந்துது. அதுக்குள்ள திருத்திட்டேன்."

என் மேஜையிலிருந்த முத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "புது முத்திரை வந்துக்கினு இருக்குது. முதல்ல உங்களுக்குத்தாங்க" என்றான்.

இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே வாய்க்க வேண்டுமா என்று என் வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது.