சதுர்த்தசியன்று தின்ற மல்லாட்டை

கீழ்பென்னாத்தூர் மல்லிநாத நைனாருக்கு வேலை கொடுத்தது ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் அணு ஆய்வு மையம். எழுபத்தாறாம் வருஷம். காமா கதிர் காட்டிய மல்லாட்டை விதையை, அதாவது வேர்க்கடலையை, தன் நிலத்தில் விதைத்து, ஒவ்வொரு செடியின் காயையும் தனித்தனிப் பையில் கட்டி அனுப்ப வேண்டும். ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம் என்று ஜீப்பில் வந்த விஞ்ஞானி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செடி பிடுங்கும் நாள் தீபத்துக்கு முந்தின நாளாக அமைந்தது. கிழக்கே மழை கட்டி நின்றது. மறுநாள் ஊரே திருவண்ணாமலைக்குப் போய்விடும். விட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். இந்த அவசரத்தில் அவர் வரப்பில் நின்று சொன்ன முதல் வார்த்தையே காரியத்தைக் கெடுத்தது.

"இந்தக் கொல்லையில மட்டும் யாரும் காய வாயில போடாதீங்க."

காய் ஆய்கிறவர்கள் தின்றுகொண்டேதான் ஆய்வார்கள். அது கூலியில் சேராது. ஆட்களைக் கூட்டி வந்த ஆராயி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"ஏன் நைனாரே, வெஷமா?"

"வெஷமெல்லாம் இல்லம்மா. செடிக்கு எத்தினி காய்னு எண்ணணும்."

"ரேடியோவுல சொன்னானே அணுகுண்டு, அதுல வெச்ச வெதையாம்," என்றாள் காய் ஆய வந்த திரௌபதி. "தின்னா வயித்துல புள்ள தங்காதாம்."

"வெதைக்குதான் காட்னாங்க. காயில ஒண்ணும் இல்ல."

"அப்ப நீங்க ஒண்ணு தின்னு காட்டுங்க," என்றாள் ஆராயி.

அன்று சதுர்த்தசி. சமணர்களான நைனார் வீடுகளில் மறுநாள் பொழுது விடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது.

"எனக்கு உபவாசம்."

"நல்லா வந்துது பாரு உபவாசம்!"

சிரிப்பு கிளம்பியது. திரௌபதி கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பேறினாள். பின்னாலேயே இன்னும் சிலர்.

மல்லிநாதன் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். மண்ணை ஊதிவிட்டு ஒரு காயை உடைத்து மென்றார்.

"முழுங்குங்க, பாக்கறோம்," என்றாள் ஆராயி.

விழுங்கினார். வரப்பேறினவர்கள் திரும்பி இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு தின்னாதே என்று யாரிடம் சொல்வது? பொழுது சாய்வதற்குள் கொல்லை முடிந்தது. வாய்க்குப் போனது போக மிச்சம் பைகளில் ஏறியது.

வீட்டில் மனைவி மருதேவிக்குச் சேதி முன்னாலேயே வந்துவிட்டது.

"பச்சையாவா, வறுத்தா?"

"பச்சையா."

"பச்சைன்னா ரெட்டைத் தப்பு. அப்ப நாளைக்கும் சேத்துப் பட்டினி கெடங்க," என்று விளக்கேற்றப் போனாள்.

எந்தப் பையில் எவ்வளவு குறைந்தது என்று விஞ்ஞானி கேட்டார். தெரியாது என்றார் மல்லிநாதன். அந்தப் பருவத்துக் கணக்கைத் தள்ளிவிட்டார்கள். அவரை நிரந்தரமாக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. எண்பதுகளிலும் விதை வந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்திலேயே ஒரு பாத்தி சாதா மல்லாட்டை போட்டார், ஆய்கிறவர்கள் தின்ன. பிடுங்கும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்து வைத்தார்.