ஆமென் சொல்லும்வரை

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். அதனால் இதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. முழுதாகக் கேளுங்கள், பாதியில் சிரிக்காதீர்கள், அவ்வளவுதான்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலிலிருந்து டெல்லிக்கு வந்து அரசாங்க அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். கை இரண்டும் பலகை மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் கையால் எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரன் எல்லார் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. அப்பாவோ பேசாமல் வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு, அறைந்தவனுக்காக ஜெபம் பண்ணினார். எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வந்தது.

யார் வெளியே கிளம்பினாலும் தலையில் கை வைத்துப் பயண ஜெபம் செய்வார். லேசில் முடியாது. முடிவில் வீட்டிலேயே சின்னவர்தான் ஆமென் சொல்ல வேண்டும், சொல்லும்வரை கையை எடுக்கமாட்டார், அது அவர் போட்ட சட்டம். சின்ன வயதில் ஒருநாள் வேண்டுமென்றே வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூட பஸ் போயேவிட்டது, கை இறங்கவில்லை. "ஏலே, நீ சொல்லாம நான் எடுக்க மாட்டேன், பாத்துக்கோ" என்றார், துளிக்கூட கோபமில்லாமல்.

பிறகு அந்த வேலை என் மகள் ஜெனிக்கு வந்தது. டெல்லியில் பிறந்தவள், தமிழில் பாதி இந்தி கலந்து பேசுவாள், ஆனால் தாத்தாவின் ஜெபம் முழுக்க மனப்பாடம். அவருக்கும் அவள்தான் உயிர். காய்ச்சல் அடிக்கிற நாளில்கூட ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவளை ஸ்கூல் வேன் வரை கொண்டுபோய் விடுவார். போன மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். அதோடு வீட்டில் பயண ஜெபமும் நின்றுபோனது.

அடுத்து வந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் ஜெனியும் கோயிலுக்குக் கிளம்பினோம், சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். மனைவி நர்ஸ், அவளுக்கு அன்று டூட்டி. காரில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து ஜெனி, "டாடி, தாத்தா பிரேயர்?" என்றாள்.

"லேட்டாச்சு, நீயே சொல்லிக்கோ" என்றேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

பாரபுல்லா மேம்பாலம் இறங்கியதும் சரியான பனிமூட்டம். முன்னால் போன ஜீப் திடீரென்று நிற்க, பிரேக் போட்டும் லேசாக முட்டிவிட்டேன். கீறல்கூட விழுந்திருக்காது. மூன்று தடியன்கள் இறங்கினார்கள். "சாரி அண்ணா" என்று இந்தியில் சொல்லிக் கண்ணாடியை இறக்கினேன், அதோடு என் காலர் ஒருத்தன் கையில். கதவைத் திறந்து இழுத்து ரோட்டில் போட்டார்கள். வயிற்றில் உதைத்தார்கள், முகத்தில் உதைத்தார்கள், முன்பல் உடைந்து ரத்தத்தோடு தொண்டைக்குள் போனது. சிவப்பு ஸ்வெட்டர் போட்டவன் ஜீப்பிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்து வந்து என் முழங்காலில் இறக்கினான். எனக்குள்ளிருந்து வந்த அலறல் என் குரலாகவே இல்லை. போகிற வண்டிகள் எல்லாம் மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போயின.

அப்புறம் அவன் காரைச் சுற்றிப் போய்ப் பின்கண்ணாடியை உடைத்தான். குழந்தை இருக்கு, குழந்தை இருக்கு என்று இந்தியில் கெஞ்சிக்கொண்டே தரையில் தவழ்ந்தேன். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. உடைந்த ஓட்டைக்கு நேராக, ஜெனி உட்கார்ந்திருந்த பக்கமே கம்பியை மறுபடி ஓங்கினான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

சுளுக்கிக்கொண்டதோ என்றுதான் நினைத்தேன். நம்பினால் நம்புங்கள், அவன் மணிக்கட்டைச் சுற்றி ஸ்வெட்டர் துணி உள்ளே அமுங்குவதை என் கண்ணால் பார்த்தேன். கம்பி கீழே விழுந்தது. "கிழவா, கைய விடு" என்று இந்தியில், யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கத்தினான். மற்ற இரண்டு பேரும் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள், அசையவில்லை. முழங்கால் மடிந்து உட்கார்ந்தான், கை மட்டும் மேலேயே இருந்தது. சடக்கென்று முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். எலும்பு ஸ்வெட்டரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் பேண்டிலேயே மூத்திரம் போய்விட்டான். பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவன் கத்தி ஓய்ந்து தலை தொங்கிய பிறகு காருக்குள்ளிருந்து ஜெனியின் குரல் கேட்டது. "ஆமென்."

உடனே அந்தக் கை தொப்பென்று விழுந்தது. அவனை ஜீப்புக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தபோது ஜெனியிடம் மெல்லக் கேட்டேன், தாத்தாவைப் பார்த்தாயா என்று.

"பாக்கல டாடி. ஒரு கை என் தலைல இருந்துச்சு. பஹுத் பாரி, ரொம்ப கனம்."

"பயத்துல ஆமென் சொல்ல மறந்துட்டியாம்மா?"

"மறக்கல. பிரேயர் எப்பவோ முடிஞ்சிருச்சு. 'சொல்லு மக்ளே, சொல்லிரு மக்ளே'ன்னு தாத்தா அழுதாங்க. அவன் உங்கள அவ்ளோ அடிச்சான்ல? அதான் நான் சொல்லல."

சொல்லிவிட்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் மறுபடியும் பயண ஜெபம் உண்டு. என் தலையில் கை வைத்து நடத்துவது ஜெனிதான், சின்னவளும் அவள்தான். முந்தின நாள் நான் அவளைத் திட்டியிருந்தால் மறுநாள் காலையில் ஆமென் வரக் கொஞ்சம் நேரமாகிறது. அதுவரை நான் கண்ணைத் திறப்பதில்லை, என் மணிக்கட்டைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன்.