தோட்டின் சத்தம்

இடமிருந்து வலம், வலமிருந்து இடம். ஈர மணலில் படாமல், விரல்கடை உயரத்தில் கருவியின் வட்டத் தட்டு போய் வருகிறது. முடிதிருத்துபவரின் கை அல்லவா. கழுத்தோரம் கத்தி பிடித்துப் பழகியதில் ஒரு நூல்கூட ஏறி இறங்காது. கடைக்கு விடுமுறை விட்ட காலைகளில், அலை பின்வாங்கும் நேரம் பார்த்து ஆள் கடற்கரையில் ஆஜர்.

மணலில் உலோகம் தேடும் இந்தக் கிறுக்கு பிடித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. முதல் நாள், கால் வைத்த இடமெல்லாம் கருவி கூவியது. மனிதர் வியர்க்க விறுவிறுக்கத் தோண்டினார். ஏழெட்டுக் குழிகளுக்குப் பிறகுதான், அது கூவியது தம் பூட்ஸ் முனையில் இருந்த இரும்பைப் பார்த்து என்று உறைத்தது. அன்றிலிருந்து ரப்பர் செருப்பு. தோண்டிய குழியை மூடாமல் நகரமாட்டார். கிடைக்கும் பாட்டில் மூடிகளையும் துருப்பிடித்த ஆணிகளையும் பழைய பவுடர் டப்பாவில் சேர்த்துக்கொள்வார். நடைப்பயிற்சிக்காரர் யாராவது, "புதையல் ஏதாவது சிக்குச்சா?" என்று வம்புக்கு இழுத்தால், "டப்பா நிறைய இருக்கு, பங்கு வேணுமா?" என்று நீட்டுவார்.

ஒரு குறை மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. தங்கம் எப்படிச் சத்தம் போடும் என்று தெரியவில்லை. தெரியாமலே எத்தனையைத் தாண்டி வந்தோமோ என்று தூக்கம் கெட்டது. ஒரு நாள், மனைவி குளிக்கப் போகையில் கழற்றி வைத்த தோடுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மணலில் புதைத்தார். அடையாளத்துக்குக் குச்சி நட்டார். கருவியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், நீண்டு வந்த ஓர் அலை குச்சியை வாரிக்கொண்டு போய்விட்டது.

மனைவியின் அம்மா மகளுக்கு விட்டுப்போன தோடு அது. கருவி கூவிய இடமெல்லாம் தோண்டினார்; வந்ததெல்லாம் பாட்டில் மூடி. வெயில் ஏறியபோது மனைவியே வந்து நின்றார், ஒரு காது மூளியாக.

"திருடன் ஒண்ணை மட்டும் எடுக்கமாட்டான். நீங்கதானே?"

"சத்தம் கேக்கத்தான் எடுத்தேன். இங்கதான் எங்கயோ இருக்கு."

"எப்படிச் சத்தம் போடும்?"

"அது தெரிஞ்சா உன்னோடதை எதுக்கு எடுக்கப் போறேன்?"

மனைவிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனாலும் குனிந்து, தோடு இருந்த காதைத் தட்டின் பக்கம் சாய்த்தார்.

"இதுக்கு என்ன சொல்லுதுன்னு கேளுங்க. கழட்டித் தரமாட்டேன்."

கருவி முனகியது. தாழ்ந்த, மெலிந்த முனகல். அந்த முனகலைத்தான் அவர் காலையிலிருந்து குப்பை என்று ஒதுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அதே முனகல் கேட்டது. இரண்டு கை மணலை அள்ளியதும் தோடு மினுங்கியது.

இப்போதெல்லாம் விடுமுறைக் காலைகளில் அவர் கருவியோடு வாசலுக்கு வந்தால், மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வருகிறார். தலையைச் சாய்த்துக் காதைக் காட்டுகிறார். அவர் தட்டைக் காதோரம் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொள்கிறார். பிறகு மனைவி மறுகாதையும் காட்டுகிறார்.