மூடின ஆபீசுக்கு ஒரே ஆள்

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். அய்யாத்துரையின் ஆபீஸ் மூடி, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்து வருஷங்களாகிவிட்டன. ஊருக்கெல்லாம் இது தெரியும், அய்யாத்துரைக்குத்தான் தெரியாது. காலையில் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் முகூர்த்த நேரத்தில் உள்ளே போய், "வேலை நேரத்துல என்னட்டி பட்டுச்சேலை?" என்று மணப்பெண்ணையே அதட்டினார். இளைய மருமகள் சுகுணா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

திருநெல்வேலி டாக்டர் அது டிமென்ஷியா, மறதி நோய் என்றார். முழுக்கக் குணமாகாது. அவரோடு வாதாடக் கூடாது, பரீட்சை வைக்கக் கூடாது, ஆபத்தான பொருள் கைக்கு எட்டக் கூடாது, தினமும் பழகின வேலை ஒன்று இருந்தால் நிம்மதியாக இருப்பார் என்றார்.

சொந்தக்காரர்கள் டாக்டரைவிடப் பெரிய படிப்புக்காரர்கள். புதூர் அத்தை ஆட்டு மூளை கொடுத்தனுப்பினாள், மூளைக்கு மூளை சரியாகிவிடுமாம். மற்றவர்கள் கடம்பூர் போளியோடு வந்து உட்கார்ந்த கையோடு, "அண்ணாச்சி, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று தேர்வை ஆரம்பிப்பார்கள். அவர் திருதிருவென்று விழிப்பார். "ஐயோ பாவம்" என்று முடிவை அறிவித்துவிட்டு, போளியில் பாதியைத் தாங்களே தின்றுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. சுகுணாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

முதலாளிப் பழக்கம், எந்தத் தீப்பெட்டியைக் கண்டாலும் ஒரு குச்சியை உரசித் தரம் பார்ப்பார். அப்படிப் பார்த்ததில் ஒருநாள் ஜன்னல் திரை பற்றிக்கொண்டது. சுகுணா தண்ணீரை ஊற்றி அணைப்பதற்குள் சேதி சென்னைக்குப் போய்விட்டது. பொங்கலுக்குக்கூட வர நேரமில்லாத மூத்த மகன் பாலகணேஷுக்கு, முடிவெடுக்க மட்டும் நேரம் கிடைத்தது.

"ஹோம்ல சேத்துருவோம். அடுத்த மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அத்தான், புது இடம்னா மாமா மிரண்டுருவாவ..." என்பதற்குள் போன் வைக்கப்பட்டது.

சுகுணா வீட்டிலிருந்த தீப்பெட்டிகளை ஒளித்தாள். தெரிந்த ஆபீசிலிருந்து மருந்து முக்காத வெறுங்குச்சியும் காலிப் பெட்டிகளும் வாங்கி வந்தாள். பி.காம். படித்த மருமகள் மறுநாளே பின்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "ஏட்டி, பேச்சைக் குறை, கை ஓடட்டும்" என்று வாயே திறக்காதவளை ஏசினார். அவள் "சரி மொதலாளி" என்றாள். சாயங்காலம் அடைத்ததையெல்லாம் கொட்டி மறுநாளைக்கு எடுத்து வைப்பாள். உற்பத்தி இப்படி அமோகமாக நடந்தது. முதுகு விட்டுப்போகும், சில நாள் அழுகையும் வரும். ஆனால் அவர் மண்டபத்துக்குப் போவது நின்றுவிட்டது, சோறும் இறங்கியது.

சொன்னபடி பாலகணேஷ் வந்தார். தேய்த்த பேன்ட், தோளில் பை. வந்ததும் அவரும் தேர்வைத்தான் வைத்தார்.

"அப்பா, நான் யாருன்னு சொல்லுங்க."

அய்யாத்துரை மேலும் கீழும் பார்த்தார். சட்டென்று எழுந்து கும்பிட்டார். "வாங்க சார். ஏட்டி, இன்ஸ்பெக்டர் சார் வந்துருக்காவ. ஓடிப்போய் கலர் வாங்கிட்டு வா!"

எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் கலர் சோடா கொடுத்துச் சமாளித்து அனுப்புவது அந்தக் காலத்து ஆபீஸ் வழக்கம். சுகுணா தெருமுனைக் கடைக்கு ஓடினாள். பாட்டிலோடு திரும்பியவள், உள்ளே மாமாவின் குரல் தணிந்து கேட்கவும் வாசலிலேயே நின்றாள்.

"மத்த ஆளெல்லாம் போயிட்டாவ சார். இந்த ஒரு பிள்ளைதான் மிச்சம். யாரு பெத்ததோ, எவ்வளவு ஏசினாலும் முகம் சுளிக்காது. ஆபீஸை மூடச் சொன்னா மூடிருதேன். அந்தப் பிள்ளைய மட்டும் போகச் சொல்லிராதிய. அது இல்லன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது."

இருபது வருஷம் மாமா என்று கூப்பிட்டுக் கிடைக்காத நல்ல பெயர். சுகுணா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் பாட்டிலை நீட்டினாள்.

பாலகணேஷ் கலரைக் குடித்து முடித்தார். சாயங்கால ரயிலுக்குத் தனியாகத்தான் போனார். வாசல்வரை வந்து வழியனுப்பிய அய்யாத்துரை, அவர் தெருவைத் தாண்டியதும் சுகுணாவின் பக்கம் திரும்பினார்.

"போயிட்டாம்ட்டி. இனி பயமில்ல, நீ குச்சிய அடை."